குரங்குத் தீவின் கணக்கு

யப்பானின் தெற்கேயுள்ள கியூஷுவில், மியாசாக்கி மாவட்டக் கரையிலிருந்து சிறு படகேறிய நாம், சில நிமிடங்களிலே கோஷிமாத் தீவை அடைந்தோம். இடையே ஏறத்தாழ 300 மீற்றர் கடலே உண்டு. மேலே அடர்ந்த காடு, கீழே மணற்கரை, அக்கரையெங்கும் சிவந்த முகமுடைய குரங்குகள்.

விலங்கியல் பயில்வோர்க்கு இத்தீவு புதிதன்று. 1953ஆம் ஆண்டிலே, 'இமோ' எனப் பெயரிடப்பட்ட இளம் பெண் குரங்கொன்று, மணல் படிந்த வற்றாளங்கிழங்கை நீரிலே கழுவித் தின்றது. அதன் தாயும் விளையாட்டுத் தோழமையும் அதனைக் கற்றன. நாளடைவில் அது கூட்டத்தின் வழக்கமாயிற்று.

நமக்கு அருகே முதிய குரங்கொன்று மணலிலிருந்து எதையோ பொறுக்கி, உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்துத் தேய்த்து, அதன் பின்னரே வாயிலிட்டது. மணலை நீக்க மட்டுந்தானா இத்தனை கவனம்?

குரங்கு உண்ணும் நிலமே அது மலங்கழிக்கும் நிலமும் ஆகும். குடற்புழுக்களின் முட்டைகள் மலத்தோடு மண்ணிற் சேர்ந்து, மண் ஒட்டிய உணவோடு மீண்டும் வயிற்றை அடைகின்றன. புழு மிகுந்தால் உடல் மெலியும். அதற்கஞ்சி உண்ணாதிருப்பினும் மெலியும். இவ்விரண்டுக்கும் நடுவே அவை எங்ஙனம் வழி காண்கின்றன?

2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஆய்வாளர் கோதுமை மணிகளையும் கச்சானையும் குரங்கின் மலத்தின் மீதும், மலம்போற் செய்த பிளாஸ்டிக் உருவின் மீதும் வைத்துப் பார்த்தனர். மலத்தின் மேலிருந்த கோதுமையைக் குரங்குகள் பெரும்பாலும் தவிர்த்தன. கச்சானையோ, எங்கிருப்பினும் எடுத்துண்டன! கோதுமை மணியினும் கச்சானிற் சத்துப் பன்மடங்கு. சிறு ஊதியத்துக்காக நோயை விலைக்கு வாங்க அவை விரும்பவில்லை. ஊதியம் பெரிதாயின் துணிந்தன. உணவைத் துப்புரவு செய்வதிற் கவனம் மிகுந்த குரங்குகளிடம் புழுத்தொற்றுக் குறைந்திருந்தமையும் அவ்வாய்விலே தெரியவந்தது.

பசி ருசி அறியாது என்பர் நம்மவர். ஆனால், பசிக்கும் ஒரு கணக்குண்டு என்பதை இக்கரையிலே கண்டோம். வகுப்பறையிற் சுகாதாரம் போதிக்கும்போது, கீழே விழுந்த பண்டத்தை எடுத்துண்ட மாணவனை நாம் கடிந்ததுண்டு. அவன் காலையில் உண்டு வந்தானா என்று கேட்டதில்லை.

படகுக்காரர் அழைத்தார். இனிக் கடிவதற்கு முன் அக்கேள்வியைக் கேட்பதென எண்ணியவாறே படகேறினோம்.