சீதனக்காசு ரோட்டில ஓடுது

திருகோணமலையில வேகமான கார் வைச்சிருந்தால் வேகமாப் போகலாம் எண்டு நினைக்கிறவர்கள், பின்னேரம் ஐந்து மணிக்குக் கோட்டைப் பக்கம் ஒருதரம் ஓட்டிப் பார்க்கவேணும். புள்ளிமான்கள் தங்கட பாட்டில தெருவைக் கடக்கும். அதுகளுக்குப் பிறகு மாடு, மாட்டுக்குப் பிறகு ஓட்டோ. ஊர்மனைக்குள்ள சட்டப்படி மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியில 70. நூறில ஓட அனுமதி இருக்கிற அதிவேகப் பாதை கிழக்கில ஒண்டுமே இல்லை. அப்படிப்பட்ட ஊரில என்ர அண்ணா, தொண்ணூறுகளில ஜப்பானில செய்த ஹொண்டா சிவிக் ஈகே3 ஒண்டை, கியர் கார், வாங்கி அதையே வீட்டு வாகனமாக்கினவர். ரெண்டரை வருஷமாக அம்மாவின் கிளினிக், மீன் சந்தை, காஸ் சிலிண்டர், என்ர கம்பஸ் எல்லாம் அதிலதான். இந்தக் கட்டுரை அந்தக் காரைப் பற்றினது. அதைவிட, அதை வாங்கின காசைப் பற்றினது.

முதலில் கார். 1995இல் வந்த ஆறாம் தலைமுறைச் சிவிக்கின் நாலு கதவு வகைக்கு ஜப்பானில பெரியோ எண்டு பேர். இலங்கையில எல்லாருக்கும் அது ஈகே3. அதுக்குள்ள இருக்கிறது டி15பி எண்ட 1.5 லீற்றர் இயந்திரம். 130 குதிரைவலு. அந்தக் காலத்து 1.5 லீற்றர் காருக்கு அது சும்மா எண்ணிக்கை இல்லை. கார் முழுக்க ஏறக்குறைய ஒரு தொன் நிறைதான்.

இதில விசேஷம் மூன்று கட்ட வீடெக். மெதுவாகப் போகும்போது ஒரு சிலிண்டரில இருக்கிற ரெண்டு உள்ளிழு வால்வில ஒண்டுதான் ஒழுங்காகத் திறக்கும். பெற்றோலைக் கஞ்சத்தனமாகக் குடிக்கும். கொஞ்சம் மிதிச்சால் ரெண்டு வால்வும் சேர்ந்து வேலை செய்யும். நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்றுக்கு மேல போனால் உயரமான கேம் பிடிச்சு, சத்தமே மாறி, வேற கார் மாதிரி ஓடும். ஆக ஒரே இயந்திரத்துக்குள்ள ஒரு சிக்கனக்காரரும் ஒரு சாதாரண ஆளும் ஒரு விசரனும் இருக்கினம். எங்கட ஊர் வேகத்தில முதல் ரெண்டு பேரோடதான் நாங்கள் சீவிக்கிறம்.

இது உண்மையான டைப் ஆர் இல்லை எண்டதையும் சொல்லிவிட வேணும். 1997இல் வந்த சிவிக் டைப் ஆர், ஈகே9, 1.6 லீற்றரில 185 குதிரைவலு. இஞ்ச ஓடுற ஈகே3 பலதில சிவப்பு எச் முத்திரை ஒட்டியிருக்கும். அண்ணா ஒட்டவில்லை. "இல்லாததை ஏன் சொல்லுவான்" எண்டவர். அவர் ஆசைப்பட்டது பெயருக்கு இல்லை. நுவரெலியாவில சித்திரை மாதம் நடக்கிற மகாகஸ்தோட்ட மலையேற்ற ஓட்டத்தைப் பெடியனாக இருக்கேக்க ஒருதரம் போய்ப் பார்த்தவர். வளைவுக்கு வளைவு கியர் மாத்துற அந்தச் சத்தம் அவருக்குள்ள இருந்துவிட்டது.

இப்ப காசு. அப்பா இல்லாத வீடு எங்கட. அண்ணா இருபத்தொரு வயதில தோகாவுக்குப் போய், ஆறு வருஷம் வெயிலில நிண்டு உழைச்சவர். கிழக்கில பொம்பிளைப்பிள்ளைக்கு வீடு குடுக்கிறது வழக்கம். கலியாணம் முடிய மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். அதால அண்ணன்மாரின் உழைப்பு முதலில தங்கச்சியின் சுவரில போய்ச் சேரும். எங்கட தெருவில மட்டும் எத்தனையோ வீட்டில மேல்மாடித் தூணுக்குக் கம்பி விட்டபடி நிக்குது. ஒவ்வொரு கம்பியும் கட்டாரிலோ சவூதியிலோ ஒரு அண்ணன். எங்கட வீட்டிலும் நாலு தூண் அப்படி நிக்குது. கீழ்வீடு முடிஞ்சுது, மேல்மாடி எனக்கு எண்டது திட்டம்.

2023 கடைசியில அண்ணா திரும்பி வந்தவர். அடுத்த தை மாதம், மேல்மாடிக்கு எண்டு வைச்சிருந்த காசில முப்பது இலட்சத்துக்கு மேல எடுத்து இந்தக் காரை வாங்கினவர். சித்தி வந்து பார்த்துவிட்டு முற்றத்தில நிண்டபடி சொன்ன வசனம்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு: "உன்ர சீதனக்காசு ரோட்டில ஓடுது, பிள்ளை."

அந்த விலை ஏன் அவ்வளவு எண்டு வெளிநாட்டில இருந்து வாசிக்கிறவர்கள் கேட்கலாம். இருபத்தைந்து வருஷம் கடந்த கார் சில நாடுகளில இரும்புக்கடைக்குப் போகும். இலங்கையில 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டினது. தனியார் கார்களுக்கு 2025 மாசி 1ஆம் திகதிதான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருஷமும் நாட்டுக்குள்ள இருந்த காரைத்தான் ஆளுக்காள் கைமாத்தினது. அதோட எங்கட வரி இயந்திரத்தின் கொள்ளளவுக்கு ஏற்ப ஏறும். அதால சின்ன இயந்திரக் கார்களுக்கு மவுசு. அதே காசுக்கு, பத்துப் பதினைந்து வருஷம் இளமையான 800 சிசி அல்டோ ஒண்டு வாங்கியிருக்கலாம். புத்தியுள்ள எல்லாரும் அதைத்தான் சொன்னவை. அவை சொன்னது கணக்கில சரி.

கணக்கை நானும் வைச்சிருக்கிறன். நகருக்குள்ள லீற்றருக்குப் பத்துப் பதினொரு கிலோமீற்றர். வந்தாறுமூலைக்கு, என்ர பீடத்துக்கு, ஏ15 பாதையால போனால் பதினாலு வரை வரும். 92 ஒக்டேன் பெற்றோலே இதுக்குப் போதும். 95 தேடி அலையத் தேவையில்லை. அல்டோ இதைவிடக் குறையக் குடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை எண்டு நூறு கிலோமீற்றருக்கு மேல இருக்கிற அந்தப் பாதையில, முன்னால போற லொறியை முந்தவேண்டிய இடத்தில மூன்றாம் கியருக்கு இறக்கினால் கார் தயங்காமல் போய்விடும். பாதுகாப்பு எண்டால் பிரேக் மட்டும் இல்லை எண்டு எனக்கு விளங்கினது அந்தப் பாதையிலதான். நாலு சில்லுக்கும் இரட்டை விஷ்போன் தொங்கல் எண்டபடியால் வளைவில அம்மாவுக்குத் தலை சுத்திறதும் குறைவு. அம்மாவுக்கு வீடெக் தெரியாது. "இந்தக் கார் பஸ் மாதிரித் தூக்கிப் போடுறதில்லை" எண்டதுதான் அவ எழுதின விமர்சனம்.

அம்மா அந்தப் பாதையைப் பார்க்கிற விதமும் வேற. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஐப்பசியிலதான் திறந்தது. அதுக்கு முதல் அதில படகுப்பாதைதான். வாகனத்தை ஏத்தக் காத்துக் கிடக்கவேணும். இப்ப பாலத்தில ஒரு நிமிஷமும் எடுக்காது. கடக்கிற ஒவ்வொருதரமும் அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பா.

எரிபொருள் எண்டு வந்தால் எங்கட ஊருக்கு ஒரு பகிடியும் இருக்கு. சீனக்குடாவில இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரித்தானிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிக்குது. ஆனால் 2022இல் நாங்களும் மற்ற ஊர்க்காரர் மாதிரித்தான் இரவிரவாக வரிசையில நிண்டனாங்கள். 2021 மார்கழியில 177 ரூபாயாக இருந்த 92 ஒக்டேன், 2022 ஆனியில 470 ரூபா. கியூஆர் அட்டை வந்த நேரம் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்தப் பங்கீடு 2023 புரட்டாதி முதலாம் திகதியோட முடிஞ்சுது. அது முடிஞ்சு ஐந்தாம் மாதம் அண்ணா பெற்றோல் கார் வாங்கினவர் எண்டால், ஊர் அவரை எப்படிப் பார்த்திருக்கும் எண்டு யோசியுங்கோ.

பழுது இல்லாமல் ஒரு கதையும் இல்லை. உப்புக்காத்து முதல் எதிரி. பின் சில்லுக்கு மேல இருக்கிற வளைவில தகடு ரெண்டு படையாக மடிஞ்சிருக்கும். அதுக்குள்ள ஈரமும் உப்பும் நிண்டால் உள்ளுக்குள்ள இருந்து தின்னும். வெளியில பெயின்ற் குமிழி தெரியேக்க உள்ளுக்கு ஓட்டை. கடல் பக்கம் போய்வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணியால அடிச்சுக் கழுவுறது எங்கட வீட்டில சட்டம். வெயில் ரெண்டாவது எதிரி. பெற்றோல் பம்புக்கு மின்சாரம் குடுக்கிற ரிலேக்குள்ள இருக்கிற பழைய ஈயப் பற்று, வயது போக மயிர் மாதிரி வெடிக்கும். மத்தியானம் மூடின காருக்குள்ள சூடேறினால் வெடிப்பு விரியும், கார் ஸ்டார்ட் ஆகாது. பின்னேரம் குளிர்ந்தால் ஒண்டும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். கராஜ் நானா அதைக் கழட்டி, பூதக்கண்ணாடியால எனக்குக் காட்டி, திரும்ப ஈயம் வைச்சுத் தந்தவர். புதுசு வாங்கச் சொல்லவில்லை. கிடைக்காத சாமானுக்கு மட்டும் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் சொல்லி எடுப்பிப்பார்.

பழைய இயந்திரத்தைச் சாகவிடாமல் வைச்சிருக்கிறது எங்கட ஆக்களுக்குப் புதுசும் இல்லை. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடைக்குள்ள இருந்த யாழ்ப்பாணத்தில, ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில ஓடினது. சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. அமுக்கம் குறைந்த எளிய இயந்திரம், கார்புரேற்றர், ஒரு நல்ல மெக்கானிக், இவ்வளவும் இருந்தால் நடக்கும். கணினியோட வந்த ஈகே3க்கு அந்த வித்தை சரிவராது. எங்கட சனம் அதை இண்டைக்கும் பெருமையாச் சொல்லும். ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏத்தினது, கலியாணத்துக்குப் பொம்பிளையைக் கொண்டுபோனது எண்டு.

அந்தப் பெருமையில எனக்கும் பங்கு இருக்கு. ஆனால் ஒரு கேள்வியும் இருக்கு. ஏ40யைக் காப்பாத்தினதுக்குத் தேவை எண்ட நியாயம் இருந்தது. தேவைக்காக ஒருத்தர் எவ்வளவு பாடுபட்டாலும் நாங்கள் கையெடுத்துக் கும்பிடுவம். அதே ஆள் தனக்குப் பிடிச்சது எண்டு ஒண்டைச் செய்தால் ஏன் எங்கட முகம் மாறுது? இருபத்தொரு வயதில இருந்து அண்ணா அனுப்பின ஒவ்வொரு காசுக்கும் ஒரு பெயர் இருந்தது: அப்பாவின் கடன், கீழ்வீடு, அம்மாவின் கண், என்ர படிப்பு. அவருடைய பெயரில முதலாவதாக வந்தது இந்தக் கார்தான். அதையும் அவர் தனக்கெண்டு மூடி வைக்கவில்லை. முதல் நாளே அம்மாவை ஏத்திக்கொண்டு கிளினிக்குக்குத்தான் போனவர்.

என்னை ஓட்டப் பழக்கினவரும் அவர்தான். ஓட்டோமற்றிக் லைசன்ஸ் எடுத்தால் காணும் எண்டு எல்லாரும் சொல்ல, "கியரிலேயே எடு, பிறகு எதையும் ஓட்டலாம்" எண்டவர். 2025இல் அவர் திரும்பத் தோகாவுக்குப் போனதில இருந்து சாவி என்னட்ட. பொம்பிளைப்பிள்ளை ஒண்டு ஈகே3 ஓட்டிக்கொண்டு போறதைப் பார்த்து, சந்தியில பெடியள் "எறியுங்கோ அக்கா" எண்டு கத்துவினம். நான் எறியிறதில்லை. சோதனையில மறிச்சால் பொலிஸ்காரர் முதலில காரின் சத்தத்தைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார், பிறகு "யாரின்ர கார்?" எண்டு கேட்பார். அண்ணாவின்ர எண்டு சொன்னால் விட்டுவிடுவார். என்ர எண்டு ஒருதரம் சொல்லிப் பார்க்க விருப்பம்.

போன மாதம் சித்தி ஒரு ஆளைப் பிடிச்சுக்கொண்டு வந்தவ. நல்ல விலை. புதுசாக இறக்கிற பாவிச்ச கார் மூன்று வருஷத்துக்கு மேல பழசாக இருக்கக் கூடாது எண்டது இப்போதைய விதி. அதால தொண்ணூறுகளின் ஈகே3 இனி ஒண்டும் நாட்டுக்குள்ள வராது. நல்லதாக இருக்கிறதுக்கு ஆள் தேடி வருவினம். அண்ணா இரவு கோல் எடுத்தவர்.

"விப்பமா? மேல்மாடியைத் துவங்கலாம். நீ சொல்லு."

"உனக்கு விக்க விருப்பமெண்டால் வில். எனக்கு வீடு கட்ட எண்டு சொல்லி விக்காத."

"பிறகு நாளைக்கு ஆரும் கேட்டால்?"

"கேக்கிறவைக்கு நான் மறுமொழி சொல்லுறன். நீ சொல்லத் தேவையில்லை."

அம்மா பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டு இருந்தவ. ஒண்டும் சொல்லவில்லை. அண்ணாவும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய அறையில மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "டைமிங் பெல்ட் எப்ப மாத்தினது எண்டு பழைய ஆள் சொன்னதை நம்பேலாது. அறுந்தால் வால்வு பிஸ்டனில அடிச்சு இயந்திரமே போயிடும். பாத்தியா?" எண்டு கேட்டவர்.

பார்த்திருக்கிறன். ஓ எல் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்துச் சேர்த்த காசு இருக்கு. வாற மாதம் பத்தாம் திகதி நானாவிட்ட நேரம் எடுத்தாச்சு. தண்ணிப் பம்பும் அதே பெல்ட்டிலதான் ஓடுதாம். ரெண்டையும் சேர்த்து மாத்தினால் கழட்டிப் பூட்டிற கூலி ஒருதரம்தான் எண்டு சொன்னவர்.