தேதி இல்லாத சாவு

ஒருவர் உயிரோடு இருந்தால் யாருக்குத் தெரிந்திருக்குமோ, அவர்களுக்கே ஏழு வருடங்களாகத் தகவல் இல்லையென்றால், அவர் இறந்துவிட்டதாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு அது. ஆனால் என்றைக்கு இறந்தார் என்பதைச் சட்டம் அனுமானிக்காது. தேதியைச் சொல்லி உரிமை கேட்பவர்தான் நிரூபிக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாகப்பிரிவினை வழக்கு ஒன்று முழுக்க அந்தத் தேதியில்தான் நின்றது.

வாதி அறுபதைத் தாண்டிய அம்மாள்; அவருக்கு வக்கீல் நான். பிரதிவாதி அவருடைய அண்ணன். அப்பா 1937-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர். அம்மாள் அப்போது தாய் வயிற்றில். 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியதோடு பணமும் கடிதமும் நின்றன. சண்டை ஓய்ந்த பிறகும் தகவல் இல்லை. அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே அம்மாள் வளர்ந்தார்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956 ஜூன் 17-இல். அதற்கு முன் தகப்பனார் இறந்திருந்தால் நிலம் மகனுக்கு. பின்னால் என்றால் மகளுக்கும் பங்கு உண்டு. அண்ணன் 1943 என்றார். ஆனால் காகிதம் எங்கள் பக்கம் பேசியது. 1962-இல் அவரே எழுதிக்கொடுத்த ஒத்திப் பத்திரத்தில் தகப்பனார் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடவில்லை. தாயாரும் கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. பூவும் மஞ்சளுமாகத்தான் அவரை எடுத்தார்கள். டிரங்குப் பெட்டியில் மணியார்டர் கூப்பன்கள் இருந்தன. தோட்டத்துக் கிராணி எழுதிக்கொடுத்த கையெழுத்து. கடைசிக் கூப்பனில், 'பிள்ளைக்குப் பால் வாங்கிக் கொடுக்கவும்.'

அண்ணன் தரப்பு ஒரு சாட்சியைக் கொண்டுவந்தது. அதே தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர், நடமாட்டம் இல்லை. அட்வகேட் கமிஷனர் வைத்து அவர் வீட்டுத் திண்ணையிலேயே விசாரித்தோம். 1943-இல் தோட்டத்து ஆட்களை லாரியில் ஏற்றி, சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரர்கள் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள் என்றார். மழைக்காலத்தில் முகாமில் காலரா. "நடக்க முடிஞ்சவன் வேலைக்கு, முடியாதவன் கொட்டகைக்கு. நாந்தான் அவரை ரெண்டு மூங்கில்ல சாக்கு கட்டித் தூக்கிட்டுப் போய்ப் போட்டேன். மறுநாள் எங்களை அடுத்த முகாமுக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க."

குறுக்கு விசாரணைக்கு ஒரே கேள்வி போதும்: அவர் இறந்ததைக் கண்ணால் பார்த்தீர்களா? நான் எழுந்தேன். அம்மாள் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் தம்பி. பாக்கலைன்னு சொல்லிடுவாரு. அப்புறம் எங்கப்பா ஓடிப்போனவராவே ஆயிடுவாரு."

தனியே கூட்டிப்போய், என்ன இழக்கிறீர்கள் என்பதை ஏக்கர் கணக்கோடு சொன்னேன். அவர் மாறவில்லை. குறுக்கு விசாரணை இல்லை என்று எழுதிக்கொடுத்தேன். பிறகு அவரே பெரியவரிடம் கேட்டார்: "என்னைப் பத்தி ஏதாவது சொல்லுவாரா?"

"பொண்ணு பொறந்திருக்குன்னு கடுதாசி வந்த அன்னிக்கு லயத்துல இருந்த அத்தனை பேருக்கும் காப்பி வாங்கிக் குடுத்தாரம்மா."

கமிஷனர் அதை எழுதவில்லை. வழக்குக்குச் சம்பந்தம் இல்லையாம். எனக்கு இன்றுவரை அது ஆறவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அந்தப் பாதை வேலையில் செத்த போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் தேதியும் உண்டு. கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்த ஆசியக் கூலிகளுக்குப் பெயர்ப் பட்டியல்கூட ஒழுங்காக இல்லை. அந்தக் குடும்பங்களுக்கு, கூட இருந்தவன் வாய்ச்சொல்தான் பத்திரம்.

வழக்கு ராஜியானது. அண்ணன் மனைக்கட்டில் ஒரு பகுதியைக் கொடுத்தார். நிலம் அவரோடு போயிற்று. "ஒரு கேள்வி கேட்க வாய் வரலையா சார்?" என்று அம்மாளின் மகன் என்னிடம் சண்டைக்கு வந்தார். அவர் கோபம் நியாயமானது. ஆனாலும் வழக்கு அம்மாளுடையது.

ராஜி மனுவில் ஒரு வரி சேர்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார் அம்மாள். தகப்பனார் 1943-இல் சயாம் ரயில் பாதை வேலையில் காலராவால் காலமானார் என்ற வரி. எதிர்த்தரப்பு வக்கீல், எதற்கு அது என்றார். அண்ணன்தான், "எழுதுங்க" என்று குறுக்கிட்டார். முன்சீப் அதைத் திறந்த கோர்ட்டில் வாசித்துப் பதிவு செய்தார். அன்றைக்கே டிக்ரியின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடச் சொன்னார் அம்மாள், அண்ணனுக்கும் சேர்த்து இரண்டு.