கப்பற் செலவு

செலவு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் பயணம் என்ற பொருளும் உண்டு என்று நம் சங்கத்துத் தமிழ் வகுப்பில் பெரியவர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அஃது எத்துணைப் பொருத்தமான சொல் என்பது 2025 கோடை விடுமுறைக்குச் சற்று முன்னர்தான் நமக்கு நன்கு விளங்கிற்று.

நம் மகளுக்கு அப்போது வயது பதினொன்று, மகனுக்கு ஏழு. இருவரும் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் அறிந்த பெருநீர்ப் பரப்பு குக்கரஹள்ளி ஏரியும் கண்ணம்பாடி அணையுமே. மகளுடன் படிக்கும் பெண்ணொருத்தி சென்னையிலிருந்து உல்லாசக் கப்பலில் சென்று வந்து, மிதக்கும் ஊர் ஒன்றைக் கண்டதுபோல் வகுப்பில் வருணித்திருக்கிறாள். அன்று மாலை முதல் நம் வீட்டில் வேறு பேச்சில்லை.

இரயில்வே எழுத்தர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயணம் என்றால் பாஸ் என்றே பொருள். பாஸ் கடலில் செல்லாது என்று நாம் சொன்னதை மகன் ஒப்புக்கொள்ளவில்லை. "தண்ணி மேல தண்டவாளம் போடக் கூடாதாப்பா?" என்று கேட்டான்.

விசாரித்தோம். எம்பிரஸ் என்னும் அக்கப்பல் 1990 இல் பிரான்சு நாட்டில் கட்டப்பெற்றது. பல கடல்களில் ஓடியபின் நம் நாட்டு நிறுவனம் ஒன்றன் கைக்கு வந்தது. சென்னையிலிருந்து அதன் முதற் பயணத்தை 2022 ஜூன் 4 ஆம் நாள் தமிழக முதலமைச்சர் தொடங்கி வைத்தார். பதினொரு தளங்கள், ஏறத்தாழ எண்ணூறு அறைகள், நீச்சற்குளம், நாடக அரங்கு, குழந்தைகள் விளையாடத் தனியிடம். சூதாட்டக் கூடமுங்கூட உண்டாம். நகரில் பயணச் சீட்டு விற்கும் முகவர் ஒருவர், நால்வருக்கு இரண்டு இரவு, சன்னல் இல்லாத உள்ளறை என்று கணக்கிட்டுத் தந்தார். துறைமுகக் கட்டணம், பணியாளர் கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து 78,000 ரூபாய் ஆயிற்று. உணவு அதில் அடக்கம், பானங்கள் அடங்கா. சென்னையில் ஒரு நாள் தங்கும் செலவையும் கூட்டி 85,000 என்று வைத்துக்கொண்டோம். நம்மிடம் இருந்ததோ 92,000. மகள் இன்னும் ஈராண்டில் உயர்நிலைப் பள்ளியில் சேரும்போது கட்டுவதற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை அது.

பணத்தைக் காட்டிலும் வேறொன்று நமக்கு வியப்பளித்தது. அந்த இரண்டு இரவுப் பயணத்தில் கப்பல் எந்த ஊருக்கும் செல்வதில்லை! சென்னையில் புறப்பட்டு, நடுக்கடலில் உலாவிவிட்டு, சென்னைக்கே திரும்புகிறது. சேரும் ஊர் இல்லாத சீட்டு ஒன்றை நம் உத்தியோக காலத்தில் நாம் கண்டதில்லை. இரயில்வேயில் சுற்றுப் பயணச் சீட்டு உண்டு. அதிலும் வழியில் நான்கு ஊர்களைப் பார்க்கலாம். இதைச் சொன்னபோது துணைவியார் நகைத்தார். "பிள்ளைங்களுக்கு ஊரா வேணும்? கப்பல்தானே வேணும்?" என்றார். அது நியாயமான பேச்சு என்றே இன்றும் கருதுகிறோம். ஏழு வயதுப் பையன் வளர்ந்தபின் இதை நினைவில் வைத்திருப்பானா என்பது ஐயமே. ஆனால் பதினொரு வயதில் நீர்ச்சறுக்கைக் கண்டு துள்ளுகிற பெண், நாம் பணம் சேர்த்து முடிக்கும் பதினாறாம் வயதில் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டாள். ஆதலின் பொறுத்திருப்பதும் ஒருவகையில் நட்டமே.

நிற்க. இவ்வளவையும் நம் தாயார் கீரை ஆய்ந்தவாறு கேட்டுக்கொண்டிருந்தார். முகவரிடம் நால்வர் என்று சொன்னோமே, அந்தக் கணக்கில் அவரைச் சேர்க்கவே இல்லை என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. நம் வீட்டில் கப்பலேறியவர் அவர் ஒருவரே!

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். 1964 அக்டோபரில் சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது நான்கு வயதுக் குழந்தை. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று அதில் முடிவாயிற்று. அவ்வெண்ணுக்குள் நம் பாட்டனார் குடும்பத்தார் எழுவரும் அடங்கினர். 1973 இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். பின்னர் மண்டபம் முகாம். அதன்பின் தென் கன்னட மாவட்டத்துச் சுள்ளியாவில் அரசு இரப்பர்த் தோட்டம்.

"கப்பல் எப்படி இருந்துச்சு, அஜ்ஜி?" என்று மகள் கேட்டாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்து அவளும் அஜ்ஜி என்றே அழைப்பாள்.

"எனக்கு என்ன தெரியும்? தகரப் பெட்டி மேல உக்கார வெச்சுட்டு, எந்திரிச்சா பெட்டி போயிடும்னு எங்கம்மா சொல்லிட்டாங்க. ஏறையில தண்ணி பார்த்தேன், இறங்கையில தண்ணி பார்த்தேன். நடுவுல கடல் எப்படி இருக்கும்னு நான் பார்க்கல."

அன்றிரவு ஒரு துணிப்பையை நம் கையில் கொடுத்தார். இரப்பர்ப் பால் வெட்டிய காலத்திலிருந்து சேர்த்த பணம், 20,000 இருந்தது. "பிள்ளைங்களாவது பார்க்கட்டும்ப்பா" என்றார். தாம் வருவதாக அப்போதும் சொல்லவில்லை. துணைவியாரும் நாமும் அன்று வெகுநேரம் உறங்கவில்லை. அவரையும் சேர்த்தால் செலவு ஓர் இலட்சத்தைத் தாண்டும். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு அவரை வீட்டில் விட்டுச் செல்வதோ நினைக்கவும் கூடாதது. மறுநாள் காலை அலுவலகம் சென்றதும், ஐவருக்கும் இராமேசுவரத்துக்குப் பாஸ் எழுதிக் கொடுத்தோம். துணிப்பை அவர் பெட்டிக்கே திரும்பிற்று.

இரயில்வேயே கப்பல் ஓட்டிய காலம் ஒன்று இருந்தது என்பதை நம் அலுவலகத்து இளைஞர் பலர் அறியார். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தென்னிந்திய இரயில்வேயின் நீராவிக் கப்பல்கள் சென்றன; சென்னையில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்பு சேரலாம். 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு வீசிய புயலில் பயணிகள் வண்டியொன்றும் தனுஷ்கோடியும் அழிந்தன. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்தே போய்வந்தது. அதில்தான் நம் தாயார் வந்தார்.

2025 ஏப்ரல் 6 ஆம் நாள் திறக்கப்பெற்ற புதிய பாம்பன் பாலத்தின்மீது எங்கள் வண்டி மெல்ல ஊர்ந்தபோது, மகன் சன்னற்கம்பியைப் பற்றிக்கொண்டு, "பாருப்பா, தண்ணி மேல தண்டவாளம்! நான் சொன்னேன்ல?" என்று கூவினான். பெட்டியில் இருந்தவர் அனைவரும் சிரித்தனர்.

தாம் இறங்கிய துறையைத் தாயார் வெகுநேரம் தேடினார்; அடையாளம் காண இயலவில்லை. ஐம்பது ஆண்டில் எல்லாம் மாறியிருந்தது. தேநீர்க்கடை முதியவர் ஒருவர் கையால் ஒரு திசையைக் காட்டினார். அங்குச் சென்று நின்றார். "இங்கன வெச்சுத்தான் சோத்துப் பொட்டலம் குடுத்தாங்க. எங்கப்பா சாப்பிடல" என்றார். அவ்வளவே. அரிச்சல்முனையில் பிள்ளைகள் அலையில் ஆடுகையில், அவர் மட்டும் தலைமன்னார்த் திசையில் பார்த்திருந்தார்.

பயணம் முழுமைக்கும் 14,600 ரூபாய் ஆயிற்று. ஆயினும் மகள் நிறைவடைந்தாள் என்று சொன்னால் பொய்யாகும். "நல்லா இருந்துச்சு. ஆனா இது கப்பல் இல்லையே" என்று திரும்பும் வழியில் கூறினாள். அதற்கு நம்மிடம் விடையில்லை.

இப்போது அவளே ஒன்றைத் தேடிக் கண்டிருக்கிறாள். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணக் கரையிலுள்ள காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 ஆம் நாள் தொடங்கிய பயணிகள் கப்பல், இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம், மழைக்காலத்தில் ஓடுவதில்லை. நீச்சற்குளம் இல்லை, ஆனால் சேரும் ஊர் இருக்கிறது. கடவுச்சீட்டுக்குப் பெரியவர்க்கு 1,500, சிறுவர்க்கு 1,000 என்று அவள் நம் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள், ஐந்து பேருக்கு. தாயார் தகரப் பெட்டியைத் திறந்து, 1973 ஆம் ஆண்டுத் தாள்களை வெளியே எடுத்துவிட்டார். போகும்போது பெட்டியை வேறு யாரேனும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். தமக்குச் சன்னலோர இடம் வேண்டுமாம்.