உப்புக் கரையின் பிறேக்குகள்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் இரும்புக்கு ஆயுள் குறைவு. சிலாபத்திலிருந்து உடப்பு வரையும், பாலாவியிலிருந்து கற்பிட்டி வரையும் வீசுகின்ற காற்றில் உப்பு கலந்திருக்கிறது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் மெல்லிய படலமாகத் தேக்கி வைக்கிறது. துரு பரவுவதற்கு வேறென்ன வேண்டும்? கூரையின் ஆணி துருவேறினால் மழைக்காலத்தில் வீடு ஒழுகும், அவ்வளவுதான். மோட்டார் வாகனத்தின் பிறேக் துருவேறினால் அதன் விலையைச் செலுத்துபவன் பெரும்பாலும் வாகனத்திலேயே இராதவன்: சைக்கிளில் கருவாட்டு மூட்டையோடு செல்பவன், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று நாடு அறிவித்த அந்த ஆண்டில், 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360 ரூபாயளவுக்கு ஏறியது. உதிரிப்பாகங்கள் அநேகமாக யாவும் கடல் கடந்து வருபவை. 2025இன் தொடக்கத்தில் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தபோதும், புதிய வாகனத்தின் விலை ஆசிரியனின் சம்பளத்துக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே பழையவற்றையே பேணி ஓட்டுகிறோம். என் முற்றத்து மாமரத்தடியில் நிற்கும் சிறிய கார், என்னிடம் படிக்கும் மாணவர் எல்லாரையும்விட வயதில் மூத்தது.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் குறையாது கடத்தப்படும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதியை நம் பிள்ளைகள் மனப்பாடமாக எழுதிப் புள்ளி வாங்குகிறார்கள். தந்தையின் வானில், மிதியிலிருந்து நான்கு சில்லுகளுக்கும் அதே விதிதான் ஓடுகிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஏட்டுக்கும் கைக்கும் இடையே வேலி கட்டிய கல்வி இது. அந்த வேலிக்கு அப்பால் நிற்பவரை நாம் ‘பாஸ்’ என்கிறோம். கற்பிட்டியில் கோட்டையை விட்டுச் சென்ற ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல் அது. தலைவன் என்று பொருள். சம்பளம் மட்டும் தலைவனுடையதன்று.

தமிழ் படித்த எனக்கு இந்த வித்தையைக் கற்பித்தவரும் ஒரு பாஸ்தான். “மாஸ்டர், முதலில் உங்கள் காலைக் கேளுங்கள்” என்றார் அவர்.

வாகனம் நிற்கும்போதே கால் பலவற்றை அறியும். மிதி பஞ்சுபோல் அமுங்கி, இரண்டு மூன்று தடவை மிதித்தபின் உயர்ந்து நின்றால் குழாயினுள் காற்று புகுந்திருக்கக்கூடும். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். ஒரே அளவாக அழுத்திப் பிடித்திருக்கையில் மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு உண்டு. சில்லின் உட்புறத்திலும் தரையிலும் ஈரம் காணாவிட்டால், மாஸ்டர் சிலிண்டரின் உள்ளேயே ரப்பர் தேய்ந்திருக்கலாம். (எங்கள் ஊரில் ஆசிரியரையும் மாஸ்டர் என்றே அழைப்பார்கள், உள்ளே கசிவது வெளியே தெரியாதது இருவருக்கும் பொது.) மிதி கல்லாக இறுகியிருந்தால், எஞ்சினை நிறுத்திவிட்டுப் பல தடவை மிதித்து, காலை எடுக்காமலே மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். மிதி சற்றே தாழ்ந்தால் உதவிக் கருவி வேலை செய்கிறது. அசையாவிட்டால் பழுது அங்கேதான்.

சிறிது தூரம் ஓட்டி வந்தபின் ஒவ்வொரு சில்லின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், மற்றவற்றைவிட அதிகமாகச் சுடும் சில்லில் பிறேக் விடுபடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். இந்தக் கரையில் அடிக்கடி காணும் நோய் இது. பிறேக் கட்டையை நகர்த்தும் ஊசிகளும் கைப்பிறேக் கம்பியும் உப்பில் இறுகிவிடுகின்றன. மழை இரவுக்குப் பின் காலையில் கேட்கும் உரசல் இரண்டொரு தடவை பிடித்ததும் மறையுமானால் அஞ்ச வேண்டியதில்லை. நாள் முழுதும் இரும்போடு இரும்பு அரைபடும் ஓசை கேட்டால் கட்டை தீர்ந்துவிட்டது. மீன் பெட்டி ஏற்றும் லொறிகளின் அடிப்புறக் குழாய்களைத் தனியே கவனிக்க வேண்டும்; பெட்டிகளிலிருந்து வடியும் உப்புநீர் அவற்றின்மேல்தான் விழுகிறது. நல்ல தண்ணீரால் கழுவுவது செலவில்லாத வைத்தியம். ஆனால் ஜக்கை மட்டும் நம்பி எவரும் அடியில் படுக்கக் கூடாது.

எங்கள் தரை சமதரை. அதனாலேயே நோய் மறைந்து கிடக்கிறது. குறுக்கே வரும் கழுதைக்காக என்றாவது ஒரு நாள் ஓங்கி மிதிப்பதோடு பிறேக்கின் பரீட்சை முடிந்துவிடுகிறது. மெய்யான பரீட்சை, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றுலா வான்கள் நுவரெலியாவுக்குப் போகும் நாளில் வருகிறது. பிறேக் எண்ணெய் என்று நாம் சொல்வது எண்ணெய் அன்று. ஈரத்தை உறிஞ்சும் ஒரு திரவம். ‘டொட் 3’ என்னும் வகை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமலிருக்க வேண்டும் என்பது நியமம். ஈரம் ஏறியபின் அதே நியமம் 140 பாகையாகிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் மிதித்தபடியே வரும் வானில் அந்தச் சூடு எளிதில் உண்டாகும். திரவம் கொதித்தால் ஆவி, ஆவியோ சுருங்கும், மிதி தரையைத் தொடும். இரண்டு ஆண்டுக்கொருமுறை திரவத்தை மாற்றுவது பொதுவான வழக்கம். சுற்றுலாவுக்குப் பணம் சேர்க்கும் ஆசிரியர்கள் வானின் இருக்கைகளை எண்ணுகிறார்கள், பாட்டுப் பெட்டி உண்டா என்று விசாரிக்கிறார்கள். திரவம் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

நோயறிவது வேறு, சிகிச்சை வேறு. மிதி கீழே இறங்கும் வாகனத்தைக் கராஜுக்கு ஓட்டிச் செல்லக் கூடாது. பாஸைத்தான் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

அவரோடு வரும் பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். ட்றம்மைக் கழற்றியதும் உள்ளிருக்கும் கரிய தூசியை வாயால் ஊதுவான். பழைய பிறேக் கட்டைகளில் கல்நார் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கினால், நோய் பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2005இலிருந்து அதன் பாவனையைத் தடைசெய்தது. இன்று கல்நாரில்லாக் கட்டைகள் பல உண்டு. ஆயினும் பழைய வாகனமொன்றின் தூசியைக் கண்ணால் பார்த்து எது எதுவெனச் சொல்ல எவராலும் முடியாது. ஊதாமல், நீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியைப் பையிலிட்டுக் கட்டிவிட வேண்டும்.

இதைச் சொன்னபோது பாஸ் சிரித்தார். தானும் முப்பது வருடம் ஊதியவன் என்றார். பிறகு, கண்ணாடி துடைக்கும் தெளிப்பான் போத்தல் ஒன்றில் தண்ணீர் நிரப்பிக் கராஜின் தூணில் தொங்கவிட்டார். மூக்கை மூடும் கவசம் ஒன்றைப் பையன் கேட்டிருக்கிறான். அது இன்னும் வாங்கப்படவில்லை.