பின்வரிசைக்கு வராத குளிர்

ஏப்ரல் தொடக்கத்தில் கொழும்பில் நண்பகலுக்கு நிழல்கூடக் கிடையாது. சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாட்கள் அவை. அப்படியொரு நாள், வெள்ளவத்தையில் பாடசாலை விடும் ஒன்றரை மணிக்கு, பிள்ளைகளோடு பிள்ளையாக நானும் ஒரு பாடசாலை வானில் ஏறினேன்.

காரணம், கொட்டாஞ்சேனையில் நான் அடிக்கடி சந்திக்கும் ஒரு தாய். தையல் வேலை செய்து மகளைப் படிப்பிக்கிறார். 2022 எரிபொருள் நெருக்கடியில் ஏறிய வான் கட்டணம் போதாதென்று, ஏசி வான் என்பதற்காக மேலதிகமாகவும் கொடுத்து வந்தார். ஆனாலும் இரண்டாம் வகுப்பு மகள் தினமும் தலையிடியும் வாந்தியுமாகவே வீடு திரும்பினாள்.

"மிஸ், ஏசி போடுறதே இல்லையோ தெரியேல்லை. ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றார்.

ஏசி போட்டுத்தான் இருந்தது. ஆனால் வெயிலில் கண்ணாடி மூடி நின்ற வானுக்குள் அடுப்படி வெக்கை. சிறுமியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். காலி வீதியில் வான் ஓடியவரை முன்னால் இருந்தவர்களுக்குக் குளிர்காற்று வந்தது. பம்பலப்பிட்டியை நெருங்கி நெரிசலில் நின்றதும் அதுவும் வெதுவெதுத்தது. எங்களுக்கு வந்து சேர்ந்தது வியர்வை மணம் மட்டுமே.

பஞ்சிகாவத்தையில் வாகன ஏசி திருத்தும் ஒரு தம்பி பிறகு எனக்கு இதை விளக்கினார். கொம்பிரசரைச் சுற்றுவது எஞ்சின். வாகனம் நிற்கையில் எஞ்சின் மெதுவாக ஓட, கொம்பிரசரும் தளர்கிறது. உள்ளிருந்து இழுத்த சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சருக்கு எதிர்க்காற்றும் கிடைப்பதில்லை. முன்னால் நிற்கும் பஸ்ஸின் சூடுதான் கிடைக்கிறது. கொழும்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே வெப்பமானி பெரும்பாலும் 31, 32 பாகையோடு நின்றுவிடும். ஆனால் கடற்காற்றில் ஈரம் அதிகம். ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு அந்த ஈரத்தை நீராக்குவதிலேயே போகிறது. வாகனத்தின் அடியில் சொட்டுவது அந்த நீர்தான். வான் நிறையப் பிள்ளைகளின் மூச்சும் வியர்வையும் சேர்ந்தால் கேட்கவும் வேண்டுமா?

இவற்றையெல்லாம் விட என்னைப் பயப்படுத்தியது வேறொன்று. வழியில் இன்னொரு பாடசாலை வாசலில் மூத்த பிள்ளைகளுக்காக வான் காத்து நின்றது. டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாரதி இறங்கிவிட்டார். கண்ணாடிகள் மூடியபடி. வெயிலில் மூடி நிற்கும் வாகனத்துக்குள் பத்தே நிமிடத்தில் ஏறத்தாழ 10 பாகை சூடு ஏறும். பெரியவர்களின் உடலைவிடக் குழந்தையின் உடல் மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். கண்ணாடியைச் சிறிது இறக்கி விட்டாலும் பெரிய வித்தியாசம் இராது. நான் எழுந்து கதவை முழுதாகத் திறந்தேன்.

சாரதியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் வான் கடன் இருக்கிறது. தாய்மார் ஐந்தாறு பேர் கூடி அவரோடு பேசினோம். காஸ் அடிக்கச் செலவாகும் என்று முதலில் தயங்கினார். கசிவு இல்லாவிட்டால் காஸ் குறையாது என்றார் பஞ்சிகாவத்தைத் தம்பி. பார்த்தால், கண்டென்சரில் அப்பியிருந்த தூசிதான் பாதிக் குற்றவாளி. கழுவியதோடு காற்றில் குளிர் ஏறியது. இப்போது பிள்ளைகள் ஏறுமுன் கதவுகளையெல்லாம் திறந்து வெக்கையை வெளியேற்றுகிறார். கொஞ்சத் தூரம் ஓடிய பின்பே கண்ணாடியை மூடி, உள்காற்றையே சுற்றவிடுகிறார். காத்து நிற்கும்போது கதவு திறந்திருக்கும். சிறியவர்களுக்கு முன்வரிசை. பெரிய பையன்கள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள்.

போன வாரம் ஆமர் வீதியில் அந்த வானைக் கண்டு கையசைத்தேன். சிறுமி தலையை நீட்டிக் கேட்டாள்: "மிஸ், நீங்க ஏறினா நான் பின்னுக்குப் போகணுமா?"