அசையாத எட்டு லட்சம்

சியாங் மாய், ஜூலை 9, 2025

வங்கியில் கணக்குத் திறக்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தாள். சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்குக் கணக்குக் கிடையாது, ஓய்வுக்கால விசா வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றாள். சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். அந்த விசாவுக்குக் குடிவரவு அலுவலகம் போனால், தாய்லாந்து வங்கி ஒன்றில் உங்கள் பெயரில் 8 லட்சம் பாட் இருப்பதைக் காட்டுங்கள் என்பார்கள். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. வாடகைக்கு விடப்பட்ட கணக்குகளின் வழியாக மோசடிப் பணம் போவதால் இங்குள்ள வங்கிகள் எல்லாம் கெடுபிடி செய்கின்றன. பிற்பகல் இரண்டு தெரு தள்ளி இன்னொரு வங்கிக் கிளைக்குப் போனேன். வாடகை ஒப்பந்தத்தையும் குடியிருப்புச் சான்றிதழையும் பார்த்தார்கள். அரை மணியில் பாஸ்புத்தகம் கைக்கு வந்தது. விதி ஒன்று, கிளைக்கு ஒரு வியாக்கியானம். பணிக்காலம் முழுக்க ஏ.ஜி. ஆபீஸில் (அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில்) தணிக்கை செய்த எனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

ஜூலை 25

பணம் வந்து சேர்ந்துவிட்டது. 8 லட்சம் பாட் என்றால் நம் கணக்கில் இருபது லட்ச ரூபாய்க்கு மேல். எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்பதால் வரம்பு தொல்லை இல்லை. தொல்லை டி.சி.எஸ். என்ற வரிப் பிடித்தத்தில். பத்து லட்ச ரூபாய்க்கு மேல் போகும் பகுதிக்கு 20 சதவீதத்தைச் சென்னை வங்கி பிடித்து வைத்துக்கொண்டது. வருமான வரிக் கணக்குக் காட்டும்போது அது திரும்ப வரும். அதுவரை அரசாங்கத்துக்கு நான் வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு வழியும் உண்டு: மாதம் 65,000 பாட் வருமானம் காட்டலாம். என் பென்ஷன் அவ்வளவு தூரம் எட்டாது. 8 லட்சத்தை மொத்தமாகப் போடுவதுதான் எனக்குச் சரி.

தம்பி போனில் கேட்டான். "ஏன்க்கா, இருபது லட்சத்தைக் கொண்டுபோய் அங்க சும்மா போட்டு வெக்கணுமா? தாம்பரத்துல ஒரு கிரவுண்டாவது வாங்கிப் போடலாம்ல?" தாம்பரத்தில் இருபது லட்சத்துக்குக் கிரவுண்டு வாங்கிய காலம் எப்போது போயிற்று என்று அவனுக்கும் தெரியும். டிசம்பர் குளிரும், தினமும் நடக்கக் கோட்டைச் சுவரோர நடைபாதையும், நான் தரக்கூடிய வாடகையில் மரநிழல் விழும் வீடும் இங்கே இருக்கின்றன என்று சொன்னேன். சமாதானம் ஆகவில்லை.

ஆகஸ்ட் 21

சுற்றுலா விசாவை "ஓ" வகை விசாவாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மனு டி.எம். 86, கட்டணம் 2,000 பாட். மாத ஆரம்பத்தில் கொடுத்தது, இன்றைக்குத்தான் முடிவு. 90 நாள் முத்திரை.

இந்த 90 நாளை யார் வகுத்தார்களோ, அவர்களுக்கு ஒரு சபாஷ். ஓராண்டு நீட்டிப்புக் கேட்பவரின் பணம், மனுச் செய்யும் நாளுக்கு முன் இரண்டு மாதமாவது கணக்கில் ஊறியிருக்க வேண்டும். நீட்டிப்பு மனுவைக் கடைசி 30 நாளுக்குள் கொடுக்கலாம். அறுபது நாள் ஊற, முப்பது நாள் வரிசையில் நிற்க. கச்சிதம்.

பொதுவாக எல்லோரும் "ஓய்வுக்கால விசா" என்கிறோமே தவிர, அப்படி ஒன்றைத் தூக்கிக் கையில் கொடுப்பதில்லை. கிடைப்பது 90 நாள் விசா. அதன்மேல் ஓராண்டு தங்கும் அனுமதி, அப்புறம் இன்னோர் ஆண்டு, இன்னோர் ஆண்டு. வயது 50 நிறைந்திருக்க வேண்டும், வேலை பார்க்கக் கூடாது. சொந்த நாட்டிலிருந்தே வாங்கிவரும் "ஓ-ஏ" வகைக்கு 2019 முதல் மருத்துவக் காப்பீடு கட்டாயம். என் வகைக்கு அது இல்லை. பத்தாண்டு தங்கத் தோதான "ஓ-எக்ஸ்" என்று ஒன்றும் இருக்கிறது. அதற்குத் தகுதியுள்ள நாடுகள் பட்டியலில் இந்தியா இல்லை.

செப்டம்பர் 14

வீட்டுக்காரம்மா டி.எம். 30 ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தார், கூடவே ஒரு சீப்பு வாழைப்பழமும். வெளிநாட்டவர் ஒருவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்குரியவர் தெரிவிக்க வேண்டும். 1979-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் சொல்வது இது. பொறுப்பு அவருடையது, ரசீது இல்லாவிட்டால் கவுண்டரில் முழிப்பது நான். இந்தத் தாள் இல்லாமல் நீட்டிப்பு மனு நகராது என்கிறார்கள், முதல் மாதமே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

நவம்பர் 3

இன்று இந்தியத் துணைத் தூதரகத்தில் லைஃப் சர்டிபிகேட். நான் உயிரோடு இருப்பதாக என் அரசுக்குத் தெரிவித்தாயிற்று. மத்திய அரசுப் பென்ஷன்காரர்களுக்கு நவம்பர் என்றால் இதுதான். இந்த வாரமே, நான் உயிரோடு இருந்தால் மட்டும் போதாது, பணமும் இருக்கிறது என்று இன்னோர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நவம்பர் 6

காலை எட்டரைக்கே வங்கி வாசலில். ராஜமாதா சிறிகித் போன மாதம் 24-ஆம் தேதி மறைந்ததால் ஊழியர்கள் எல்லோரும் கறுப்பு உடை. வங்கிக் கடிதம் கேட்டேன். இருப்பு எவ்வளவு, யார் பெயரில் என்று எழுதி முத்திரை வைத்துத் தந்தார்கள். அதோடு வேலை முடியவில்லை. பாஸ்புத்தகத்தின் கடைசி வரியிலும் இன்றைய தேதி விழ வேண்டும். அதற்கு இங்கே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: இயந்திரத்தில் 100 பாட் போடுவது. ஒற்றை நூறு பாட் நோட்டை இயந்திரம் இழுத்துக்கொண்டது. பாஸ்புத்தகத்தைப் பக்கத்து இயந்திரத்தில் செருகினேன். கர்ரென்று ஒரு சத்தம், புது வரி அச்சாகி வந்தது. ஜூலை வரிக்கும் இதற்கும் நடுவே ஒன்றும் இல்லை. இத்தனை சுத்தமான பேரேட்டை நான் தணிக்கையில் பார்த்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

குடிவரவு அலுவலகம் விமான நிலையத்துப் பக்கம். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரப் பெண்ணுக்கு விதிகள் எல்லாம் மனப்பாடம். நான் வாய் திறப்பதற்குள் பாஸ்போர்ட்டை வாங்கி, எந்தப் பக்கங்கள் வேண்டுமோ அவற்றை மட்டும் நகலெடுத்து, டி.எம். 7 மனுவோடு அடுக்கி, போட்டோவை ஒட்டி, நீலப் பேனாவைக் கையில் திணித்தாள். ஒவ்வொரு நகலிலும் கையெழுத்து. வீட்டுக்கு வரும் வழியைக் கையால் வரைந்த படத்திலும் கையெழுத்து. அனுமதிக்கு மேல் தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 வரை அபராதம் என்பது எனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்ளும் தாளிலும் கையெழுத்து. மனுவில் ஆண்டு 2568. புத்த வருஷக் கணக்கு, நம் ஆண்டோடு 543 கூட்ட வேண்டும்.

அதிகாரி பாஸ்புத்தகத்தைத்தான் முதலில் எடுத்தார். விரலை ஜூலை வரியில் வைத்து, அங்கிருந்து கீழே ஓட்டிக்கொண்டே வந்தார். நானும் இப்படித்தான் விரல் வைத்துப் பார்ப்பேன். கட்டணம் 1,900 பாட். மத்தியானத்துக்குள் ஓராண்டு கிடைத்துவிட்டது.

வெளியே வந்தால் ஊர் முழுக்க யீ பெங் திருவிழா.

ஜனவரி 18, 2026

பக்கத்து வீட்டு ஆங்கிலேயருக்கு இடுப்பெலும்பு முறிவு. குளியலறையில் வழுக்கிவிட்டது. வயது 74, காப்பீடு இல்லை. இந்த வயதில் யார் தருவார்கள், தந்தாலும் பிரீமியத்தைக் கட்ட முடிகிறதா? மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்துவிட்டது. அவர் பேச்செல்லாம் பாஸ்புத்தகத்தைப் பற்றியே.

வந்த புதிதில் அவர் பணம் காட்டவில்லை. தூதரகம் ஒரு வருமானக் கடிதம் கொடுக்கும், அதை நீட்டினால் போதும். 2019 பிறந்ததும் பிரிட்டிஷ், அமெரிக்கத் தூதரகங்கள் அந்தக் கடிதத்தை நிறுத்திவிட்டன. தாய்லாந்தில் குடியிருக்கும் பிரிட்டிஷாருக்கு அவர்கள் அரசின் பென்ஷன் ஆண்டுதோறும் உயர்வதும் இல்லை. முதலில் என்ன தொகையோ அதே தொகைதான். 65,000 பாட்டைத் தொட வழியில்லாமல் வீட்டை விற்ற காசிலிருந்து 8 லட்சத்தைப் போட்டிருக்கிறார்.

அந்த ஆண்டு மார்ச்சிலேயே விதியும் இறுகியது. நீட்டிப்புக் கிடைத்த பிறகும் மூன்று மாதம் முழுத்தொகை அசையக் கூடாது. அப்புறம் பாதி எடுக்கலாம், ஆனால் 4 லட்சத்துக்குக் கீழே ஒரு நாளும் இறங்கக் கூடாது. அடுத்த நீட்டிப்புக்கு இரண்டு மாதம் முன்பு மறுபடி 8 லட்சம். மருத்துவமனை பில்லுக்காக அவர் 4 லட்சத்துக்குக் கீழே போய்விட்டார்.

மூப்பில் ஒருவன் நோயில் விழுந்தால் இந்த நாட்டுக்குப் பாரமாகிவிடக் கூடாது, அதற்கு ஈடாகத்தான் இந்தப் பணம். நியாயம்தான். ஆனால் நோயில் விழுகிற அன்று அதில் கைவைத்தால் தங்கும் அனுமதி போகிறது. கைவைக்காவிட்டால் இடுப்பு போகிறது. நெருக்கடிக்கு வைத்திருப்பதாகச் சத்தியம் பண்ணிக் காட்டும் பணத்தை நெருக்கடியில் தொட முடியாது என்றால், அது ஈடு அல்ல, காட்சிப் பொருள். தணிக்கைக் குறிப்பு எழுதச் சொன்னால் இதைத்தான் முதல் பத்தியில் எழுதுவேன். பதில் வராது என்பதும் தெரியும்.

ஜனவரி 27

அவருக்கு ஓர் ஏஜென்ட் வந்து ஆசை காட்டியிருக்கிறான். கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் போட்டு எடுத்துக்கொள்கிறேன், முத்திரைக்கு நான் பொறுப்பு என்று. இது இங்கே புதிது இல்லை. நிதியாண்டுக் கடைசி நாளில் மட்டும் கல்லாவை நிரப்பிக் காட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாட்டினால் ஏஜென்ட் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது, கையெழுத்து முழுக்க உங்களுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 3

90 நாள் அறிக்கை. இன்னும் இதே முகவரியில்தான் இருக்கிறேன் என்று தெரிவிப்பது. கெடு நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை அவகாசம், தவறினால் 2,000 பாட். கட்டணம் இல்லை. நேரில் போய்க் கொடுத்தேன், சில நிமிஷங்களில் முடிந்தது.

மார்ச் 2

புகை தொடங்கிவிட்டது. வயல்களிலும் காடுகளிலும் வைக்கிற தீ, மழை வரும்வரை ஓயாது. தொய் சுத்தேப் மலையைக் காணோம். ஏப்ரல் முடியும்வரை சென்னை.

நாட்டை விட்டு வெளியேறுவதற்குமுன் மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் விமானம் ஏறினால் மிச்சமிருக்கும் மாதங்கள் அத்தனையும் அந்த நிமிஷமே காலாவதி. ஒரு தடவைக்கு 1,000 பாட், பல தடவைக்கு 3,800. ஒரு தடவைக்கு வாங்கினேன்.

பணத்தைப் பாதியாகக் குறைக்கலாம், மூன்று மாதம் முடிந்துவிட்டது. குறைக்கவில்லை. அதற்குப் பதிலாக, விசாவுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு வங்கியில் ஆஸ்பத்திரிக்கென்று தனிக் கணக்குத் திறந்து, மாதாமாதம் பென்ஷனில் ஒரு பங்கை அங்கே தள்ளுகிறேன்.

ஆங்கிலேயர் கைத்தடியோடு வந்து தன் பாஸ்புத்தகத்தை நீட்டினார். தேதி தேதியாக எழுதிக் கொடுத்தேன்: மே மாதம் அவருடைய அனுமதி முடிகிறது, 4 லட்சத்துக்குக் கீழே இறங்கிய வரி அச்சிலேயே இருப்பதால் நீட்டிப்பு சிரமம். முடிவதற்குமுன் லாவோஸ் போய்ப் புதிதாக "ஓ" விசா வாங்கி வந்தால் மறுபடி 90 நாள், இரண்டு மாதம் ஊறவைப்பது, முதலிலிருந்து. மகன் லீட்ஸிலிருந்து பணம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறானாம். பவுண்டாகவே அனுப்பச் சொல்லுங்கள், பாட்டாக மாற்றி வேண்டாம், வெளிநாட்டிலிருந்து வந்த வரவு என்று பாஸ்புத்தகத்திலேயே பதிவாகட்டும் என்றேன். அதையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்.