தண்ணி விழுதா?

ஜூன் மாதத்தில், குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் இலஞ்சியில் சாலையோரம் கொஞ்ச நேரம் நின்றால் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும். வெளியூர்க் கார் ஒன்று ஓரங்கட்டும், கண்ணாடி இறங்கும். "அண்ணே, குற்றாலத்துல தண்ணி விழுதா? குளிக்க விடுறாங்களா?"

இணையத்தில் எழுத வந்தபோது குற்றாலத்தைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரைக்கு 'தென்னகத்தின் இயற்கைப் பேரெழில்' என்று தலைப்பு வைத்தேன். இரண்டு வாரம் உழைத்து எழுதியது. மூன்று மாதம் ஆகியும் தேடல் வழியாக ஒருவர்கூட வரவில்லை. தேடலில் பக்கத்தை மேலே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. என்றால் என்ன என்று அப்போதுதான் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் பாதி, ஒரே சொல்லை நிறைய முறை போடச் சொன்னது. பத்திக்கு நான்கு 'குற்றாலம்' வைத்துப் பார்த்தேன். எனக்கே வாசிக்கக் கூசியது. பக்கத்தின் தலைப்பகுதியில் கீவேர்டுகளை மறைவாக எழுதிவைக்க ஒரு குறி உண்டு, அதையும் நிரப்பினேன். தரவரிசைக்கு அந்தக் குறியைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது பிறகுதான் தெரிந்தது.

எனக்குப் பாடம் சொன்னது கூகுளின் சர்ச் கன்சோல். இலவசமானது. எந்தச் சொற்களைத் தேடியபோது நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் தட்டினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று வரிசையாகத் தரும். திறந்து பார்த்தால், அத்தனையும் அந்தக் கார்க்காரரின் கேள்விகள்! தமிழ் எழுத்தில் சில, ஆங்கில எழுத்தில் தமிழ் பேசியவை பல. குற்றாலத்தையே நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேடியிருந்தார்கள். பேரெழிலைக் கேட்டவர் யாரும் இல்லை. அன்றிரவே தலைப்பை மாற்றினேன். பதிலை முதல் பத்திக்குக் கொண்டுவந்தேன். என் வர்ணனையெல்லாம் கீழே போனது. பதில் கிடைத்தவர்களில் சிலர் அதையும் படிக்கத் தொடங்கினார்கள்.

எங்கள் ஊர்ப் பெயரிடம் கற்றது இன்னும் அதிகம். இலஞ்சி என்றால் குளம். மகிழ மரத்துக்கும் அதே பெயர். மலையாளத்திலும் அந்த மரம் இலஞ்ஞிதான். லின்னேயஸ் 1753இல் அதற்கு வைத்த தாவரவியல் பெயரான மிமுசோப்ஸ் எலெங்கியில் உள்ள 'எலெங்கி' அந்த மலையாளச் சொல்லிலிருந்து போனது. எர்ணாகுளம் மாவட்டத்தில் இதே பெயரில் ஓர் ஊரும் இருக்கிறது. ஆகவே ஒருவர் வெறுமனே 'இலஞ்சி' என்று தேடினால் அவர் மகிழம்பூவைத் தேடுகிறாரா, கேரளத்து ஊரையா, எங்கள் குமாரர் கோயில் முருகனையா என்று இயந்திரம் எப்படி அறியும்? பக்கத்தில் நிற்கும் சொற்களை வைத்துத்தான். ஊர்க்காரனான எனக்குத் 'தென்காசி' என்று எழுதத் தோன்றவே இல்லை. வீட்டு வாசலில் யார் மாவட்டத்தின் பெயரைச் சொல்வார்கள்? இப்போது தென்காசி, குற்றாலம், குமாரர் கோயில் மூன்றும் முதல் சில வரிகளுக்குள் வந்துவிடுகின்றன. வெளியூர்க்காரருக்கு வழி சொல்கிறபோது இயல்பாகவே அப்படித்தான் சொல்வோம். எழுதும்போதுதான் மறந்துபோகிறது.

தமிழில் எழுதுகிறவருக்கு வேறு சில கவலைகளும் உண்டு. பக்கத்தின் முகவரியில் தமிழைப் போட்டால், புள்ளியும் துணைக்குறியும் உட்பட ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும். இலஞ்சி என்ற சின்னப் பெயரே 54 எழுத்து ஆகிவிடும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைக்கிறேன். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளை அப்படியே ஏற்றவும் கூடாது. நம் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது இயந்திரத்துக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். யூனிகோடுக்கு மாற்றாத தமிழைத் தமிழில் தேடிக் கண்டுபிடிக்க வழியில்லை. எத்தனை கோயில் விழா மலர்களின் கோப்புகள் இப்படிக் கிடக்கின்றனவோ என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

குற்றால அருவிகளைப் பற்றிச் சீசனுக்குச் சீசன் புதிதாக ஒரு பக்கம் எழுதிவந்தேன். மூன்று ஆண்டில் மூன்று பக்கமும் ஒன்றோடொன்று போட்டியிட்டு மூன்றுமே பின்னால் நின்றன. எல்லாவற்றையும் ஒரே பக்கமாக்கி, பழைய இரண்டு முகவரிகளையும் 301 என்ற நிரந்தரத் திருப்பத்தால் அங்கே சேர்த்தேன். சில வாரங்களில் அந்தப் பக்கம் மேலே ஏறியது. அந்த மகிழ்ச்சியில் பெரிய பொறுப்பு ஒன்றை நான் கவனிக்கவில்லை.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவன் ஒருவன் இறந்துபோனான். செய்தி கேட்டதும் முதலில் என் பக்கத்தைத் திறந்தேன். முதல் வரியில் 'தண்ணீர் நன்றாக விழுகிறது, குளிக்கலாம்' என்று இருந்தது. முந்தைய சீசனில் எழுதிய வரி. தேதி இல்லை. தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே எடுத்துக் காட்டப்படும் வரியும் அதுதான். யாரும் அதை நம்பிப் போயிருக்காமல் இருக்க வேண்டுமே என்று கை நடுங்கியது. மேலே மலையில் பெய்யும் மழை, கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அருவியில் இறங்கிவிடும். இது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். காரில் வருகிறவருக்கு யார் சொல்வது?

இப்போது அந்தப் பக்கத்தின் முதல் வரி தேதிதான். தடை இருந்தால் அடுத்த வரி அது. அதற்கும் அடுத்தது, மலையில் மழை என்றால் தண்ணீர் குறைவாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள் என்பது. நானே போய்ப் பார்க்காத நாளில் 'குளிக்கலாம்' என்று எழுதுவதில்லை. அதனால் இடம் ஒன்றிரண்டு இறங்கினால் இறங்கட்டும்.

நேற்று கன்சோலில் புதிதாக ஒரு தேடல்: 'இலஞ்சி குமாரர் கோயில் நடை திறக்கும் நேரம்'. என் பக்கம் காட்டப்பட்டிருக்கிறது, தட்டியவர் எவரும் இல்லை. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நேரம் மட்டும் இல்லை. நாளைக் காலை சைக்கிளில் போய் வாசல் பலகையைப் பார்த்து, குருக்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும். கந்த சஷ்டி நாட்களில் நேரம் மாறுமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.